காய்ச்சல் இல்லை என்று சொன்னவன்

என் பிரியமான சம்பந்தம் மச்சானுக்கு,

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே அங்கங்கே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் நீ லேத் ஓட்டிய டர்னர். நான் அதே கம்பெனியின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே உடம்பு சரியில்லை என்று பத்துப் பேராவது என் அறை வாசலில் நிற்பார்கள். தெர்மாமீட்டரை வாயில் வைப்பேன். பாதரசம் நூறைத் தொட்டால் லீவுச் சீட்டு, தொடாவிட்டால் மெஷினுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். சட்டம் போட்டவர் மேனேஜர். ஆனால் அதை அவரைவிடக் கறாராக நடத்தியவன் நான். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நூறு டிகிரி' என்று பெயர் வைத்தது நீதான் என்பதும் எனக்குத் தெரியும்.

காய்ச்சல் வரும் என்று அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு வருகிறவனை வாசனையிலேயே பிடித்துவிடுவேன். நீ கொஞ்சம் புத்திசாலி, கொதிக்கக் கொதிக்க டீயைக் குடித்துவிட்டு வந்தாய். "வாயைக் கொப்பளிச்சிட்டுக் கால் மணி நேரம் இப்படி உக்காரு" என்றேன். அந்தக் கால் மணி நேரத்தில் ஆரம்பித்த பேச்சு நாம் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. மர்பி டவுனில் உன் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே நான் குடிவந்தேன். உன் பெண்டாட்டி சரோஜா என்னை அண்ணா என்று கூப்பிட, நீ எனக்கு மச்சான் ஆனாய். உங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த குமாருக்கு நான் மாமா ஆனேன். தெருவில் யாருக்கு உடம்பு கணகணவென்றாலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உனக்குப் பிறகு குமார் அம்மாவை ஈஜிபுராவுக்கு அழைத்துப் போய்விட்டான். அவன் ஆபீசுக்கு அதுதான் பக்கம். அவன் பெண்டாட்டி இப்போது பிரசவத்துக்காக வாணியம்பாடியில் தாய் வீட்டில் இருக்கிறாள். ஆம், நீ தாத்தா ஆகப்போகிறாய். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று பயந்தார்கள், அதனால் போன மார்கழியில் குமாரின் ஆபீசில் ஒருவருக்கும் லீவு இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அம்மா ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்காங்க. சாப்பிடவே மாட்டேங்கறாங்க. பக்கத்துல ஒரு டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. நீங்க வந்து இன்னைக்குக் கூட இருக்க முடியுமா? நான் போகாம இருக்க முடியாது."

ஆட்டோ பிடித்துப் போனேன். மாடியேறி உள்ளே போனபோது சரோஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நழுவித் தரையில் கிடந்தது, அதை எடுத்துப் போடத் தோன்றாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டால் "வாங்கண்ணா" என்று எழுந்து நிற்கிறவள் அவள். அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவரு ஷிப்ட் முடிஞ்சி வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

நான் குமாரைத் திரும்பிப் பார்த்தேன் மச்சான்.

"காலையிலருந்து இப்படித்தான் மாமா, அப்பா ஞாபகம்" என்றான் குமார். பாத்ரூமில் ஒருமுறை கால் தடுமாறி விழவும் செய்தாளாம், நல்லவேளை அடி ஒன்றும் இல்லை. "ஜ்வர இல்லா, வயசாய்த்து, அஷ்டே" என்று கன்னடத்தில், காய்ச்சல் இல்லை, வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லி அந்த டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். அது அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. குமார் ஒரு தெர்மாமீட்டரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். மூன்று வருஷமாக நான் அதைத் தொடவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

அவள் அக்குளில் வைத்து எடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தொண்ணூற்றேழுக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. குமார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, காய்ச்சல் இல்ல" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று வருஷத்துக்கு முன் அதே வார்த்தையை அதே நிம்மதியோடு உன் கட்டில் பக்கத்தில் நின்று நான் சொன்னேன்.

உனக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ சோற்றைத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டே இருந்தாய். எழுப்பினால் என்னைச் செத்துப்போன உன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். மூச்சு கொஞ்சம் மேலே வாங்கியது. சரோஜா பயந்துபோய் எதிர் வீட்டிலிருந்து என்னைக் கூட்டி வந்தாள். குமார் அப்போது கம்பெனி வேலையாக மெட்ராசில் இருந்தான். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. "காய்ச்சல் இல்லம்மா. பனிக்குச் சளி புடிச்சிருக்கும். கஞ்சி குடுத்துப் படுக்க வை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று சாயங்காலம் நீ இல்லை.

குமார் மெட்ராசிலிருந்து வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார். "ரெண்டு நுரையீரலும் நிமோனியால போயிருந்தது. ஏன் இவ்வளவு லேட்?" என்றார். காய்ச்சலே இல்லையே அம்மா என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"காய்ச்சல் வியாதி இல்லைங்க. கிருமி உள்ள பூந்ததும் உடம்பு சண்டைக்குக் கிளம்புதில்ல, அந்தச் சூடுதான் காய்ச்சல். வயசாக ஆக அந்தச் சண்டை போடற அணுவெல்லாம் மந்தமாயிடும். புதுசா வர்றதும் குறைஞ்சிடும். கிருமி வந்துடுச்சுன்னு தகவல் போறதே லேட்டு. போனாலும் உடம்பு சூடாகற அளவுக்குத் தெம்பு இருக்காது. சின்ன வயசுக்காரனுக்கு நூத்திமூணு அடிக்கிற வியாதி, இவங்களுக்குத் தொண்ணூத்தெட்டோட நின்னுடும். நிறைய வயசானவங்களுக்கு வழக்கமான சூடே கம்மி. தொண்ணூத்தாறு இருக்கறவங்களுக்குத் தொண்ணூத்தெட்டே காய்ச்சல்தான். சாப்பிடாம இருக்கறது, பேச்சு மாறிப்போறது, விழறது, வேகமா மூச்சு வாங்கறது, அதத்தான் பாக்கணும்." கடைசியாக, "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்" என்றார்.

வெளியே வந்தபோது சரோஜா தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டாள். "நிமோனியாவாம். திடீர்னு வந்துடுச்சாம்மா, யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்" என்றேன். குமார் வந்ததும் அவனிடமும் அதையே சொன்னேன். முதல் வார்த்தை மட்டும் உண்மை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளைத் தேற்றுவதற்கா, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கா? மூன்று வருஷமாக இதற்கு வேறுவேறு பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் செல்லுபடியாகவில்லை. யாராவது தெர்மாமீட்டர் வைக்கச் சொல்லி வந்தால் கண் தெரியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரி, ஈஜிபுராவுக்கு வருகிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சரோஜாவின் மூச்சை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. நமக்கெல்லாம் பதினாறு, பதினெட்டுதான் இருக்கும். நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். முப்பத்துமூன்று.

"குமாரு, ஆபீசுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லு. அம்மாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன். காய்ச்சல் இல்லாமல் எதற்கு என்றான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் போர்ஷன் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவன் முறைத்துக்கொண்டேதான் ஆட்டோ கூப்பிடப் போனான். படியிறங்கும்போது சரோஜாவின் எடை முழுவதும் என் தோளில் இருந்தது. அவ்வளவு கொஞ்சம்தான் இருந்தாள்.

நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டர் சின்னப் பையன், குமாரைவிட வயது குறைவு. அங்கேயும் முதலில் தெர்மாமீட்டர்தான். "டெம்பரேச்சர் நார்மல். பிபி கொஞ்சம் கம்மி, சாப்பிடாததால இருக்கும். எளநீர் குடுங்க. நாளைக்குக் காலையில ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க, பெரிய டாக்டர் பாப்பாரு" என்றார். குமார் அதற்குள் எழுந்துவிட்டான்.

"சார், ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நெஞ்சுல சளி கட்டியிருக்கும் சார். மூச்ச எண்ணிப் பாருங்க."

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "நீவேன் டாக்டரா?" என்று கன்னடத்தில் கேட்டார், நீங்கள் என்ன டாக்டரா என்று.

"அல்லா சார், கம்பவுண்டர்" என்று நானும் கன்னடத்திலேயே இல்லை என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார். "மாமா, டாக்டரே சொல்லிட்டாரு, வாங்க போலாம்" என்று குமார் என் கையைப் பிடித்தான். சரோஜா நாற்காலியில் சரிந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு கொஞ்சம் நீலம் பூத்தது போல எனக்குத் தெரிந்தது. பயத்தில் அப்படித் தெரிந்ததா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. கூட்டிக்கொண்டு போனால் நாளைக் காலை ஓபிக்கு அவள் நடந்து வரமாட்டாள் என்று மட்டும் தெரிந்தது. அந்த டாக்டர் பையனைத் திரும்பிப் பார்க்க வைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் குமார் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

சொல்லிவிட்டேன் மச்சான்.

"சார், மூணு வருஷத்துக்கு முன்னால இந்தம்மாவோட வீட்டுக்காரருக்கும் இதேதான். சாப்பாடு எறங்கல, ஆள் அடையாளம் தெரியல, மூச்சு வாங்குச்சு. அப்பவும் டெம்பரேச்சர் நார்மல். காய்ச்சல் இல்ல, கஞ்சி குடுத்துப் படுக்க வைன்னு சொன்னவன் நான்தான். ரெண்டு நாள் என் பேச்ச நம்பி வீட்லயே வெச்சிருந்தாங்க. நிமோனியா, செத்துட்டாரு. முன்னாடியே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாங்க. இவன் அவரோட பையன். இவனுக்கே இது தெரியாது."

குமாரின் கை என் கையிலிருந்து விலகியது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை, அந்த டாக்டர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். எழுந்து வந்து சரோஜாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "அம்மா, மூச்சு இழுங்க" என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டார். பிறகு நர்சைக் கூப்பிட்டு எக்ஸ்ரே என்றார், ஆக்சிஜன் என்றார். அவருடைய குரலே மாறிவிட்டது. அவர் நல்ல பிள்ளைதான். படித்ததை ஞாபகப்படுத்த ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவே.

படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப் பாதி வெள்ளையாக இருந்தது. ஊசி மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

பெஞ்சில் குமாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க மாமா" என்றான். குமாரு என்று நான் ஆரம்பித்ததும், "போங்கன்னு சொல்றேன்ல" என்றான். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். அவன் அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசியதே இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் நர்சிங் ஹோம் வாசலில் நிற்பேன். உள்ளே போகிற தைரியம் இல்லை. வார்டு ஆயா ஒருத்தி ஓசூர்க்காரி, டீ குடிக்க வெளியே வரும்போது அவளைப் பிடித்துக்கொள்வேன். முதல் நாள், "அப்டியேதான் கீறாங்க" என்றாள். இரண்டாம் நாள், "மூச்சு ரொம்ப கஷ்டப்படுதுப்பா, பையன் அழுதுக்கினு கீறான்" என்றாள். அன்று முழுவதும் அந்த வாசலை விட்டு நகரவில்லை. உன்னையும் அனுப்பிவிட்டு அவளையும் அனுப்பினேன் என்றால் நான் எந்த முகத்தோடு அந்தப் பிள்ளை எதிரில் நடமாடுவது? நீ அங்கிருந்து ஏதாவது செய்யக்கூடாதா என்று உன்னைக்கூடக் கோபித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆயா வந்து, "இப்ப காய்ச்சல் வேற வந்துடுச்சு, நூத்தியொண்ணு" என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. சண்டை போட உள்ளே யாரோ எழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அது நல்லதா கெட்டதா என்று டாக்டருக்கே உறுதியில்லையாம். அந்த வாசலில் காய்ச்சலுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐந்தாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். ஆறாம் நாள் இட்லி கேட்டாளாம். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சரோஜா பிழைத்துவிட்டாள் மச்சான்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும், குமார் மர்பி டவுனுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். "அம்மா உங்களக் கூப்பிடறாங்க" என்றான். நீயும் கூப்பிடுகிறாயா என்று அவனைக் கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். தொம்மலூர் தாண்டும்போது ஒரே ஒரு தடவை பேசினான். "நீங்க தப்பாச் சொன்னது கூடப் பரவாயில்ல மாமா, தெரியாம சொல்லிட்டீங்க. தெரிஞ்சப்புறம் எப்படி எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டீங்க?"

சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்து கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "வாங்கண்ணா" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து கையைக் கூப்பினேன். அவள் திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். இரண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"குமாரு எல்லாம் சொன்னான்" என்றாள். "உங்களுக்கு ஒண்ணு தெரியாதுண்ணா. நீங்க பாத்துட்டுப் போனப்புறம், தெளிவு வர்றப்பல்லாம் அவரு எங்கிட்ட கேட்டுக்கினே இருந்தாரு. மாரு இழுத்துப் புடிக்குது சரோஜா, ஆஸ்பத்திரிக்குப் போலாம், போலாம்னு. நான்தான், அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு, சின்னப் புள்ளையாட்டம் அடம் புடிக்காம படுங்கன்னு அதட்டினேன். அவரு பேசாம திரும்பிப் படுத்துக்கினாரு. அப்புறம் கேக்கவே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமாண்ணா. அவர நான்தான் சாவ வுட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன். சாமி கும்புட நின்னாலும் அவரு திரும்பிப் படுத்ததுதான் கண்ணுல வருது. பெத்த புள்ள கிட்ட சொல்ல வாய் வரல. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது. நான்தாம்மா சொன்னேன், உன் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எறக்கி வெச்சிருப்பேனே."

குமார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

தப்பு செய்ததை மறைத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன் மச்சான். அந்தத் தப்பை அவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அவள் கையாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு அம்மா என்றேன். "எங்கிட்ட கேக்காதீங்க. அவருக்கு எழுதுங்க" என்றாள். "நாலு பேரு படிக்கற மாதிரி எழுதுங்க. காய்ச்சல் இல்லையே, படுங்கன்னு நாளைக்கு இன்னொருத்தி புருசன அதட்டக் கூடாது."

அதனால்தான் எழுதினேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய் என்பதை ஏன் எனக்கு ஒரு சத்தம் போட்டுச் சொல்லவில்லை? எதிர் வீடுதானே? வந்திருக்க மாட்டேனா? வந்தும் தெர்மாமீட்டரைத்தான் பார்த்திருப்பேனா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஈஜிபுராவுக்குப் போவேன். குமார் என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் போவேன். சரோஜா எதிரில் உட்கார்ந்து, "அன்னைக்குச் சொன்னது நான்தாம்மா, நீ இல்ல" என்று சொல்வேன். போதும் என்று அவள் சொல்வாள், இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிகிறவரை, இல்லை நான் உன்னிடம் வந்து சேருகிறவரை, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன் தங்கமான பெண்டாட்டிக்கு அண்ணனாக இனிமேலாவது இருக்கப் பார்க்கும்
உன் மச்சான்
ஏகாம்பரம்
மர்பி டவுன், பெங்களூர்